தந்தை பேசும் நூல்கள்

சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவரின் கவனத்துக்கு நாம் கொண்டுவரும் செய்தி ஒன்றுண்டு. அப்பாடல்களிலே தலைவி பேசுகின்றாள், தலைவன் பேசுகின்றான், தோழியும் செவிலியும் பேசுகின்றனர். மகள் தன் காதலனுடன் புறப்பட்டுச் சென்றுவிட்டாள் என்றறிந்த நற்றாய் நெஞ்சுருகிப் புலம்புகின்றாள். வழியிலே அவ்விருவரையும் கண்டவர்கள்கூடத் தாம் கண்டதைச் சொல்கின்றனர். ஆனால், அந்தப் பெண்ணைப் பெற்று வளர்த்த தந்தை மட்டும் வாய் திறப்பதேயில்லை. இது தற்செயலாக நேர்ந்ததொன்றன்று. தந்தைக்கும் தமையனுக்கும் அகப்பாட்டில் நேர்ப்பேச்சு இல்லை. அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துக் கூறுதல் மாத்திரமே உண்டு என்று தொல்காப்பியர் செய்யுளியலிலே இலக்கணமே வகுத்துவிட்டார்.

மகளிர் தம் தந்தையைப் பற்றிப் பேசிய பாட்டு ஒன்றைத் தேடினால் புறநானூற்றுக்குப் போகவேண்டியிருக்கின்றது. பறம்புமலைத் தலைவன் பாரி, மூவேந்தரால் மடிந்தபின் அவன் புதல்வியர் இருவரும் பாடியதாக அமைந்த 112ஆம் பாட்டை அறியாத தமிழ் மாணவர் இலர். ஐந்தே அடிகள். ஆயினும், அப்பாட்டிலும் பாரி பேசவில்லை. அவன் மறைந்த பின்னரே அவன் மகளிரின் குரலை நாம் கேட்கின்றோம்.

இலக்கணம் ஏட்டோடு நின்றுவிட்டிருந்தால் அதனை இங்கே எடுத்துப் பேசவேண்டிய தேவை எழுந்திராது. நம் வீடுகளிலும் அவ்விலக்கணமே நெடுங்காலமாக ஆட்சி செலுத்திவந்திருக்கின்றது. பெண் குழந்தை சிறியவளாக இருக்கும்வரை தந்தையின் தோளிலே ஏறி நல்லூர்த் தேர் பார்க்கின்றாள். சைக்கிளின் முன்பாரில் அமர்ந்து பாடசாலைக்குப் போகின்றாள். கேட்டதற்கெல்லாம் விடை பெறுகின்றாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகிறது. சாமத்தியச் சடங்கு நடக்கின்றது. அன்றுமுதல் தந்தை விறாந்தையோடு நின்றுவிடுகின்றார். மகள் அடுப்படிப் பக்கமாகப் போய்விடுகின்றாள். இடையிலே தூதுபோகும் பொறுப்புத் தாயின்மேல் விழுகின்றது. “அப்பாவைக் கேளுங்கோ அம்மா” என்று மகளும், “அவளுக்குச் சொல்லு” என்று தந்தையும் பத்தடித் தூரத்திலிருந்து ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புகின்றனர். அன்பு குறைந்துவிட்டதென்று கூற முடியாது. மகளின் சீதனத்துக்காகவும் படிப்புக்காகவும் அந்தத் தந்தை தம் உடலைத் தேய்த்து உழைக்கின்றார். அவளோடு பேசுவது மாத்திரம் நின்றுபோகின்றது.

எமது மகளுக்கு இவ்வாண்டு பதின்மூன்று வயது நிறைந்தது. அவள் வாசிக்கும் நூல்களை அவளோடு கூடவே வாசிப்பதென்று சில காலத்துக்கு முன்னரே நாம் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருந்தோம். மாலையிலே கல்லூரியால் வந்து, தேநீர் அருந்தியபின், விறாந்தையிலே ஒரு மணிநேரம். ஆங்கில நூலாயின் அகராதி ஒன்றும் பக்கத்திலிருக்கும். சாமத்தியச் சடங்கு முடிந்தபின்னும் அவ்வழக்கம் தொடர்வதைக் கண்ட எமது தாயார், “குமர்ப்பிள்ளையோடை உனக்கென்ன கதை? அவள் தாயோடை இருந்து கதைக்கட்டும்” என்று கடிந்துகொண்டார். தாயார் சொல்லைத் தட்டும் பழக்கம் எமக்கில்லை. ஆயினும் இந்த ஒரு விடயத்தில் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. காரணம், மகளோடிருந்து வாசித்த அந்த நூல்களே.

இளையோருக்கான உலக நூல்களில் நிலைத்து நிற்கும் சிலவற்றை ஒருங்குவைத்துப் பார்த்தபோது வியப்பான ஓர் ஒற்றுமை தெரிந்தது. நம் வீடுகளில் தந்தை எந்த வயதில் வாயை மூடிக்கொள்கிறாரோ, ஏறத்தாழ அந்த வயதிலேதான் அந்நூல்களில் வரும் தந்தையர் மகளோடு பெரிய பேச்சைத் தொடங்குகின்றனர்.

முதலிலே ஜவாகர்லால் நேருவை எடுத்துக்கொள்வோம். 1928ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் பத்து வயது இந்திரா முசூரி மலைநகரிலே இருந்தார். நேரு கீழே சமவெளியில், அலகாபாத்தில் இருந்தார். மகள் அருகில் இருந்தபோது வாய்மொழியாகச் சொல்லிவந்தவற்றை இப்போது கடிதங்களாக எழுதினார். பூமி எவ்வாறு தோன்றியது, கல்லும் மலையும் எத்தகைய வரலாற்றைத் தம்முள் வைத்திருக்கின்றன, மொழிகள் எவ்வாறு பிரிந்தன, அரசர்கள் எவ்வாறு உண்டாயினர் என்பனவே அக்கடிதங்களின் பொருள். அவை மறுவருடம் நூலாக வெளிவந்தன. இந்தியில் அந்நூலை மொழிபெயர்த்தவர் பெரும் புனைகதையாசிரியர் பிரேம்சந்த்.

இரண்டாண்டு கழிந்தது. 1930ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்திராவின் பதின்மூன்றாவது பிறந்தநாளின்போது நேரு நைனிச் சிறையில் இருந்தார். சிறையிலிருப்பவர் மகளுக்குப் பட்டுச்சட்டையா வாங்கி அனுப்ப முடியும்? உலக வரலாற்றை எழுதி அனுப்பத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம்வரை, பெரும்பாலும் சிறைச்சாலைகளிலிருந்தே, 196 கடிதங்கள். மேற்கோள் நூல்கள் நிறைந்த நூலகம் எதுவும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை. நினைவிலிருந்தும் தாம் எடுத்துவைத்த குறிப்புகளிலிருந்துமே எழுதினார். 1934ஆம் ஆண்டில் அவை நூலுருப் பெற்றன. பதின்மூன்று வயதுச் சிறுமிக்குச் சீனப் பேரரசும் பிரெஞ்சுப் புரட்சியும் எதற்கென்று அந்தத் தந்தை எண்ணவில்லை. விளங்கக்கூடியவள் என்று மகளை மதித்து எழுதினார். வரலாற்றுப் பிழைகள் சில அந்நூலில் இருக்கலாம். அந்த மதிப்பிலே குறையொன்றுமில்லை.

நேருவின் கடிதங்களை மகளோடு வாசித்த நாட்களில் வேறு சில கடிதங்களும் எமது நினைவுக்கு வந்தன. எமது தந்தையார் கொழும்பிலே எழுதுவினைஞராக இருந்தவர். எண்பதுகளில் மாதம் ஒருமுறை யாழ்தேவியில் வருவார். எஞ்சிய நாட்களில் கடிதம் வரும். “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கும். வேலி அடைப்பு, மாட்டுக்கு வைக்கோல், சீட்டுக்காசு, கோயில் உபயம் ஆகிய யாவும் ஒழுங்காக இருக்கும். எமது தமக்கையாருக்கென்று கடைசியிலே ஒரு வரி இருக்கும்: “பிள்ளை கவனமாகப் படிக்கவும்.” எத்தனையோ கடிதங்கள், அதே ஒரு வரி.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, ஆளுக்கொரு பையே தூக்கக்கூடியதாக இருந்தது. தமக்கையாரின் பையிலே சான்றிதழ்களோடும் இரண்டு மாற்றுடுப்போடும் ஒரு பொதியும் இருந்தது. அது இன்றும் அவர் றங்குப்பெட்டியில் இருக்கின்றது. அண்மையிலே எமது மகள் அதனைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அவை அந்தக் கடிதங்கள் என்பதை நாமே அறிந்தோம். வைக்கோலும் சீட்டுக்காசும் பற்றிய கடிதங்களை ஏன் அத்தை சுமந்துகொண்டு நடந்தார் என்று மகள் வினவினாள். தமக்கையார், “எனக்கெண்டு ஒரு வரி இருக்கெல்லே பிள்ளை” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பேசாத அத்தலைமுறைத் தந்தையரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. மகளுக்கென எழுதப்பட்ட ஒற்றை வரி எத்துணைக் கனமுடையது என்பதையே அப்பொதி காட்டுகின்றது. ஒரு வரியையே அவ்வாறு சுமந்தவர்க்கு ஒரு பக்கம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது.

நேருவுக்குக் கல்வியும் எழுத்துவன்மையும் இருந்தன. சாதாரணத் தந்தையர் என் செய்வர் என்று வாசகர் வினவக்கூடும். அதற்கு விடையாக அமெரிக்க எழுத்தாளர் லோரா இங்கல்ஸ் வைல்டரின் நூல்களைக் காட்டுவோம். லோராவின் தந்தை சார்ள்ஸ் இங்கல்ஸ் ஓர் ஏழைக் குடியானவர். நிலம் தேடி மாநிலம் மாநிலமாக வண்டியிற் குடும்பத்தைக் கொண்டு அலைந்தவர். மினசோட்டாவில் விளைந்த கோதுமை முழுவதையும் வெட்டுக்கிளிகள் தின்றுவிட, கூலிவேலை தேடி ஒட்டுப்போட்ட சப்பாத்தோடு நடந்தே தொலைதூரம் போனவர். அவரிடம் இருந்த செல்வம் ஒரு வயலினும் கதை சொல்லும் நாவுமே. பகல் முழுவதும் உழைத்தபின் இரவிலே மகள்மாருக்கு வயலின் வாசித்தார். தம் சிறுபராயக் கதைகளைக் கூறினார்.

மூத்த மகள் மேரி நோயினாற் பார்வை இழந்தபோது லோராவுக்குப் பன்னிரண்டு வயது. இனி நீதான் உன் அக்காவுக்குக் கண் என்று தந்தை அவளிடம் கூறியதாக ‘சில்வர் லேக்’ நூல் சொல்கின்றது. அன்றுமுதல் தான் கண்ட புல்வெளியையும் வானத்தையும் ரயில்வண்டியையும் அக்காவுக்குச் சொற்களாற் காட்டுவது லோராவின் நாளாந்தக் கடமையாயிற்று. தந்தை இறந்தது 1902ஆம் ஆண்டு. முப்பது வருடம் கழித்து, 1932ஆம் ஆண்டிலே, தமது அறுபத்தைந்தாவது வயதில் லோரா முதல் நூலை வெளியிட்டார். அந்தச் சொற்பயிற்சி எங்கே தொடங்கியது என்று நாம் தேடவேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணை நம்பித் தந்தை ஒப்படைத்த ஒரு பொறுப்பு, ஓர் எழுத்தாளரை ஆக்கியது.

இந்நூல்களிலே மறைக்கக்கூடாத ஒரு குறையும் உண்டு. அந்த நல்ல தந்தை கன்சாஸ் மாநிலத்தில் வீடு கட்டிய நிலம் ஒசேஜ் எனும் பழங்குடி மக்களுக்கு உரியது. அம்மக்களைப் பற்றி இந்நூல்கள் பேசும் விதம் பலர் மனத்தைப் புண்படுத்தியது. அதன் காரணமாக, அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு லோராவின் பெயரால் வழங்கிவந்த விருதின் பெயரை 2018ஆம் ஆண்டில் மாற்றியது. வீட்டுக்குள் அன்பாக இருப்பவர் வெளியே பிறர் நிலத்தில் குடியேறியவராகவும் இருக்கக்கூடும். இதனையும் மகளோடு பேசினோம். நிலத்தின் அருமை தெரிந்த மண்ணிலே வளரும் பிள்ளைக்கு அதை விளக்குவது கடினமாக இருக்கவில்லை.

வீட்டிலும் வெளியிலும் ஒரே நீதியைக் கைக்கொள்ளும் தந்தையைக் காண்பதற்கு ஹாப்பர் லீ என்ற பெண்மணி 1960ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ரு கில் எ மொக்கிங்பேட்’ நாவலுக்கு வருவோம். கதை நடப்பது 1930களில், அமெரிக்காவின் தெற்கேயுள்ள அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். அற்றிக்கஸ் பின்ச் மனைவியை இழந்த வழக்கறிஞர். அவருடைய மகள் ஸ்கௌட் கதை தொடங்கும்போது ஆறு வயதை எட்டாதவள். பிள்ளைகள் தந்தையைப் பெயர் சொல்லியே அழைக்கின்றனர். எமது தாயார் இதனைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்! ஒவ்வோர் இரவும் தந்தையின் மடியில் அமர்ந்து அவர் வாசிக்கும் பத்திரிகையைத் தானும் பார்த்துக்கொண்டிருந்தே ஸ்கௌட் எழுத்தறிவு பெற்றுவிடுகின்றாள். அது பிழையென்று கண்டிக்கின்றார் பாடசாலை ஆசிரியை. பாடசாலைக்கும் போகலாம், இரவு வாசிப்பையும் விடவேண்டியதில்லை என்று தந்தையும் மகளும் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இந்த இடத்தில் அந்த உடன்படிக்கையின் பக்கமே நிற்கின்றோம்.

செய்யாத குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்ட கறுப்பின இளைஞன் ரொம் ரொபின்சனுக்காக அற்றிக்கஸ் வாதாடுகின்றார். ஊரே அவரைத் தூற்றுகின்றது. வெள்ளையர் மட்டுமே கொண்ட யூரிமார் குற்றவாளி என்றே தீர்ப்பளிப்பர் என்பதை அவர் முன்னரே அறிவார். அவ்வாறே நடக்கின்றது. மகள் கேட்கும் கேள்விகளை, சிலவேளை பெரியவர்களே முகஞ்சுளிக்கும் கேள்விகளை, அவர் தட்டிக்கழிப்பதில்லை. பிள்ளை கேட்டால் நேரே விடை சொல்லவேண்டும் என்பதே அவர் கொள்கை.

அந்த அத்தியாயங்களை வாசித்த மாலையிலே எமது மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “தோக்கப்போறம் எண்டு தெரிஞ்சும் ஏன் அப்பா அவர் வழக்குப் பேசினவர்?” என்றாள்.

“நீ என்ன நினைக்கிறாய், பிள்ளை?” என்றோம்.

அவள் சற்று யோசித்தாள். “வெல்லுறதுக்காக இல்லை. பேசாமல் விட்டிருந்தால் தன்ரை பிள்ளையளின்ரை முகத்தை அவரால பார்க்க ஏலாது” என்றாள். பிறகு உடனடியாகவே அடுத்த கேள்வி வந்தது. “அப்படி ஒரு நிலைமை வந்தால் நீங்களும் பேசுவீங்களோ அப்பா?”

நாம் உடனே விடை கூறவில்லை. முப்பது வருடப் போர்க்காலத்திலே, பேசினால் என்ன நேரும் என்பதை நன்கறிந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். நாவை அடக்கி வாழ்வதே உயிர் தப்பும் வழியென்று பெற்றோர் எமக்குக் கற்பித்தனர். அந்தக் கற்பிப்பிலே அவர்களுக்கு எம்மீதிருந்த அன்பும் கலந்திருந்தது. ஆம் என்று சொல்லிப் பெருமை கொள்வது எளிது. “பயமாத்தான் இருக்கும், ஆனாலும் பேச முயற்சிப்பன்” என்றோம். அவள் எமது முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பின்னர் தலையசைத்தாள்.

அந்தச் சில கணங்களிலே ஓர் உண்மை எமக்குத் தெளிவாயிற்று. தந்தையர் ஏன் மௌனத்தைத் தேர்ந்துகொள்கின்றனர்? வெட்கம் ஒரு காரணம். வழக்கம் இன்னொரு காரணம். ஆயினும் அவற்றுக்கு அடியில் மற்றொன்றும் உண்டு. பேசாத தந்தைக்கு மகளிடம் பதில் சொல்லும் கடமை எழுவதில்லை. வாய் திறந்தவுடன் அவர் எடைபோடப்படுகின்றார். சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு சிறுபெண் அளந்து பார்க்கத் தொடங்கிவிடுகின்றாள். மௌனமோ மதிப்பைக் காக்கும் வேலியாக நின்றுவிடுகின்றது. அந்த வேலிக்கு உள்ளே நிற்பவர் தனியே நிற்கின்றார் என்பதை மட்டும் ஒருவரும் அவரிடம் கூறுவதில்லை.

ஹாப்பர் லீயே இந்த எடைபோடுதலையும் எழுதியிருக்கின்றார். ‘கோ செற் எ வொச்மன்’ என்னும் அவரது மற்ற நாவல் 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் நாவலுக்கு முன்னரே, 1950களில் எழுதப்பட்டது அது. அதிலே ஸ்கௌட் இருபத்தாறு வயது மங்கை. ஊர் திரும்பும் அவள், கறுப்பின மக்களின் சமவுரிமையை எதிர்க்கும் கூட்டத்திலே தன் தந்தை அமர்ந்திருப்பதைக் காண்கின்றாள். அவளுடைய தெய்வம் அந்தக் கணத்திலே உடைந்து போகின்றது. தந்தையோடு கடுஞ்சமர் புரிகின்றாள். வாசகர் பலர் இந்நூலைக் கண்டு மனம் வருந்தினர். எமக்கோ வேறொன்று தோன்றியது. அப்படி ஒரு சமர் புரியும் வலிமையை அவளுக்குக் கொடுத்தவர் யார்? மடியிலிருத்தி வாசிக்கவும் வினவவும் பழக்கிய அதே தந்தையல்லவா? மகள் தன்னையே எதிர்த்து நிற்கக்கூடிய அளவுக்குப் பேச்சைக் கற்பித்தவர், தோற்றாலும் தந்தையென்ற நிலையிலே வென்றவரேயாவார்.

மறைத்துவைப்பதனாற் பிள்ளைகளைக் காத்துவிட முடியுமா என்பது மற்றொரு கேள்வி. ஆங்கில எழுத்தாளர் ஈ. நெஸ்பிற் 1906ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ரயில்வே சில்ட்ரன்’ நூலில் ஓர் இரவிலே இருவர் வந்து தந்தையை அழைத்துச் செல்கின்றனர். எங்கே, ஏன் என்று பிள்ளைகளுக்கு ஒருவரும் கூறவில்லை. மூத்த பெண் ரொபேற்றா, பொதி சுற்றிவந்த பழைய பத்திரிகைத் தாளிலிருந்தே தந்தை சிறையிலிருப்பதை அறிந்துகொள்கின்றாள். அறிந்தபின் அவள் முடங்கிவிடவில்லை. தாயிடம் உண்மையைக் கேட்கின்றாள். தம்பி தங்கைக்குத் தெரியாமல் அதனைச் சுமக்கின்றாள். உதவக்கூடியவர் ஒருவருக்குத் தானே கடிதம் எழுதுகின்றாள். இரவிலே வந்து தந்தையரை அழைத்துச் சென்ற கதைகள் நம் நாட்டிலும் பல உண்டு. அவற்றுட் பலவற்றில் ரயில் நிலையத்தில் தந்தை வந்திறங்கும் இறுதி அத்தியாயம் வரவேயில்லை. அத்தகைய வீடுகளில் வளர்ந்த மாணவரை நாம் அறிவோம். தந்தையைப் பற்றி வீட்டில் எவரும் பேசாதிருப்பதே தமக்கு மிகப் பெரிய பாரமாக இருந்ததென்று அவர்களுள் ஒருவர் எம்மிடம் கூறியதுண்டு.

இறுதியாக, எல்லாவற்றிலும் துயரமான நூலுக்கு வருகின்றோம். ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமிக்கு 1942ஆம் ஆண்டு ஜூன் 12ஆந் திகதி பதின்மூன்று வயது நிறைந்தது. அந்த நாளிலே பெற்றோர் ஒரு நாட்குறிப்புப் புத்தகத்தைப் பரிசளித்தனர். அடுத்த மாதமே குடும்பம் நாஸிகளுக்கு அஞ்சி அம்ஸ்ரடாம் நகரிலே மறைந்து வாழத் தொடங்கியது. 1944ஆம் ஆண்டு ஓகஸ்ற் 4ஆந் திகதி அங்கிருந்த எண்மரும் பிடிக்கப்பட்டனர். ஆன் 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேர்கன்-பெல்சன் முகாமிலே இறந்தாள். எண்மருள் உயிரோடு திரும்பியவர் தந்தை ஒற்றோ பிராங்க் ஒருவரே. அவர்களுக்கு உதவிவந்த மீப் கீஸ் என்னும் பெண்மணி, நாட்குறிப்பைப் பொறுக்கியெடுத்து, படித்துப் பாராமலே மேசை அறையில் வைத்திருந்து அவர் கையிற் கொடுத்தார். 1947ஆம் ஆண்டு அது நூலாயிற்று.

வீட்டிலுள்ளோருள் ஆன் மிகவும் நேசித்தது தந்தையையே. அவரும் பேசாத தந்தையல்லர். மறைவிடத்திலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார். அவளது மனக்குறைகளைப் பொறுமையோடு கேட்டார். தனக்கென ஒரு வழி உண்டென்று அவள் கடுமையாக எழுதிய கடிதம் ஒன்று அவர் நெஞ்சைப் புண்படுத்தியபோதும் அவளோடு பேசித் தீர்த்துக்கொண்டார். இத்தகைய தந்தையே, நாட்குறிப்பை வாசித்தபின், தம் மகளுக்குள் இருந்த ஆழமான சிந்தனைகளைத் தாம் அறிந்திருக்கவில்லை என்றும், பெற்றோரிற் பெரும்பாலோர் தம் பிள்ளைகளை உண்மையில் அறியார் என்றும் பிற்காலத்திற் சொன்னார்.

இதனை வாசித்தபின் நேருவின் 196 கடிதங்களை மறுபடியும் எண்ணிப் பார்த்தோம். அந்நூலிலே தந்தையின் குரல் கேட்கின்றது; மகளின் மறுமொழி அங்கில்லை. தந்தை பேசுவது முதற்படி. பேசி முடித்தபின் மௌனமாக இருந்து கேட்பது அடுத்த படி. முதலாவதைச் செய்யாதவருக்கு இரண்டாவது வாய்ப்பதில்லை. முதலாவதை மட்டும் செய்பவர் ஒரு நல்ல ஆசிரியராகலாம். தந்தையின் பணி அதற்குப் பின்னும் இருக்கின்றது.

தமிழிலே கடித இலக்கியம் வளர்த்தவர்களுள் மு. வரதராசன் முதன்மையானவர். ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ எனக் கடிதநூல் நான்கு தந்தார். அந்த வரிசையிலே ‘மகளுக்கு’ என்றொரு தலைப்பு இல்லை. பேரறிஞரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. தொல்காப்பியர் காலத்து வழக்கம் எவ்வளவு ஆழமாக நம்முள் வேரூன்றியிருக்கின்றது என்பதற்கு ஒரு சான்றாகவே சொல்கின்றோம்.

நம் தந்தையர் பலர் இன்று கடல்கடந்து வாழ்கின்றனர். மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் உழைத்து, இரவிலே கைத்தொலைபேசியில் மகளின் முகம் பார்த்துப் பேசுகின்றனர். “சாப்பிட்டாச்சோ? படிச்சாச்சோ?” என்பதோடு பேச்சு வற்றிவிடுகின்றது. பிறகு இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அப்படிப்பட்டவர்களுக்கு ஓர் எளிய வழி சொல்வோம். மகள் வாசிக்கும் நூலின் இன்னொரு பிரதியை நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் போதும். கதையிலுள்ளவர்களைப் பற்றிப் பேசும்போது, நேரே கேட்கக் கூசுகின்ற பலவற்றை மகள் தானாகவே கேட்பாள். நீங்களும் நேரே சொல்லக் கூசுகின்ற சிலவற்றைச் சொல்லிவிடுவீர்கள். இந்த உதவிக்காகவே கதைகள் பிறந்தன போலும்.

எமது வீட்டிலே தாயாரின் கண்டிப்பு இன்னும் முற்றாக ஓய்ந்தபாடில்லை. ஆயினும் அண்மைக்காலமாக, வாசிக்கும் நேரத்திலே அவர் தமது கதிரையைச் சற்று விறாந்தைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பூமாலை கட்டுகின்றார். லோராவின் கதையைக் கேட்ட மறுநாள், “அந்தக் கண் தெரியாத பிள்ளைக்குப் பிறகென்ன நடந்தது?” என்று பேத்தியிடம் விசாரித்தார். மேரி பார்வையற்றோர் கல்லூரிக்குச் சென்று படித்தாள் என்று பேத்தி விளக்கினாள். “தேப்பன் படிப்பிச்சிருக்கிறான்” என்று கிழவி மெச்சிக்கொண்டார்.

பதின்மூன்று வயது மகள் உள்ள தந்தையரே, அவளோடு பேசுவதற்கு நல்ல நாள் பார்க்கவேண்டியதில்லை. அவள் என்ன வாசிக்கின்றாள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதிருங்கள்.